நுனியிலிருந்து

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கே ஸக்கியா தன் மகள் நுஸ்ஹாவைச் சமையலறை முக்காலியில் உட்கார வைத்துத் தலையில் மருதாணியை அப்பத் தொடங்கிவிட்டாள். பூசவில்லை, அப்பினாள். கொத்தனார் சுவரில் காரையை வீசுவது போலக் கைநிறைய அள்ளி அள்ளி வைத்தாள். அழகுக்காக வைக்கிற மருதாணி என்றால் முதல் நாளே குழைத்து ஊற வைத்திருப்பாள். இது விடிந்த பிறகு அவசரத்தில் வெந்நீர் ஊற்றிக் கலக்கியது. நிறம் பிடிக்கிறதா இல்லையா என்பதைப் பற்றி அவளுக்கு அக்கறையில்லை. ஒரு மயிரிழைகூட வெளியே தெரியக் கூடாது, அவ்வளவுதான் வேண்டியது.

நுஸ்ஹாவின் அண்ணன் மகள் இனேஸ் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தாள். ஐந்து வயது. முதல் நாள் சுற்றிய கர்தூன் அவள் பிடரியிலிருந்து ஒரு பிரம்பைப் போல விறைப்பாகத் தொங்கியது. ஈர முடியைக் குதிரைவாலாகக் கட்டி, அதன்மேல் நீளத் துணிநாடாவை நுனி வரை இறுக்கிச் சுற்றிக் காயவிட்டால் எப்பேர்ப்பட்ட சுருட்டையும் அவிழ்க்கும்போது நீண்டு விழும். அந்த வீட்டில் கர்தூன் இல்லாத பெண் ஸக்கியா ஒருத்திதான். அவளுக்கு அது தேவைப்படாத முடி, மெல்லிசாக, வழுவழுவென்று, அவளே அடிக்கடி தடவிப் பார்த்துக்கொள்கிற முடி.

"ஹம்மாம்ல யாரு கேட்டாலும் இது சாயங்காலம் வரைக்கும் ஊறணும்னு சொல்லு. தலைய மட்டும் அவங்க கையில குடுத்துடாத."

"அவங்க அதெல்லாம் கேக்க மாட்டாங்கம்மா."

"பின்ன, மாமியாரா வரப்போறவ ஹம்மாமுக்குக் கூப்பிடறது உன் முதுகு அழுக்கப் பாக்கவா?"

ஸக்கியா சொன்னது நியாயம்தான். கான்ஸ்டன்டைனில் நிச்சயத்துக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் பெண்ணை ஹம்மாம் என்கிற பொதுக் குளியல் கூடத்துக்கு அழைத்துப் போவது, பல்லைப் பிடித்துப் பார்த்து மாடு வாங்குகிற அதே காரியம்தான். தழும்பு இருக்கிறதா, நடை நேராக இருக்கிறதா, முடி சொந்த முடியா என்று ஆவிக்குள் எல்லாம் தெரிந்துவிடும். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. முதுகு தேய்த்துவிடுகிறேன் என்பார்கள், ஆரஞ்சுப் பழம் உரித்துக் கொடுப்பார்கள், கண் மட்டும் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

நுஸ்ஹாவின் முடியைச் சுருட்டை என்று சொன்னால் அது மரியாதைக்குச் சொல்வது. கர்தூனில் கட்டினால் இடுப்பைத் தொடும். ஒரு செம்புத் தண்ணீர் பட்டால் தோளுக்கு ஏறிவிடும். தானாகக் காய விட்டால் காதோரம் வரை போய், இழைக்கு இழை பேனா ஸ்பிரிங்காகச் சுருண்டு, மேல்நோக்கியும் பக்கவாட்டிலும் நின்றுகொள்ளும். அவள் அப்பாவைப் பெற்றவள் தெற்கே துகூர்ட் ஈச்சந்தோப்புகளின் பக்கமிருந்து வந்தவள். அந்த அம்மாளின் நிறத்தைப் பற்றி வீட்டில் யாரும் பேச மாட்டார்கள். ஒரு புகைப்படம் இருந்தது, அதுவும் ஸக்கியா வீடு மாற்றும்போது காணாமல் போனது. ஆனால் படத்தைத் தொலைத்தால் முடி தொலைந்துவிடுமா? மகள் தலையில் முளைத்தது. மகளோடு போகட்டும் என்று பார்த்தால் பேத்தி தலையிலும் முளைத்தது.

பள்ளிக்கூடத்தில் பெண்கள் நுஸ்ஹாவிடம், ஈத் வரைக்கும் வெட்டாமல் வைத்திரு, ஆட்டுத்தோல் வாங்குகிறவன் நல்ல விலை கொடுப்பான் என்பார்கள். பாத்திரம் தேய்க்கிற இரும்பு நார் என்பார்கள். அது வெளியே. வீட்டில் ஸக்கியாவின் எஃகுச் சீப்பு. முடியை நனைத்தால் சுருண்டுகொள்கிறது என்பதால் அவள் காய்ந்த முடியில்தான் சீப்பை வைப்பாள். அதுவும் வேரில் வைத்து ஒரே இழுப்பாக இழுப்பாள். நுஸ்ஹா முக்காலியின் காலை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொள்வாள். நான்கு வயதிலேயே அழுகையை நிறுத்திவிட்டாள், அழுதால் சீப்பு இன்னும் வேகமாக வரும். வாரி முடித்து நனைத்துக் கர்தூனைச் சுற்றினால் நெற்றித் தோல் இழுபட்டு இரண்டு புருவமும் மேலே ஏறிவிடும். பக்கத்து வீட்டுக்காரி, உன் மக எதைப் பார்த்தாலும் ஆச்சரியப்பட்ட மாதிரியே இருக்காளே என்று சொல்லிச் சிரிப்பாள். ஸக்கியாவும் சேர்ந்து சிரிப்பாள்.

இருபத்தொன்பது வயதுக்குள் மூன்று இடம் வந்து போயிருந்தது. நான்காவதாக வந்தவன் ராபிஹ். இவனை யாரும் பார்த்துச் சொல்லவில்லை, அவளாகச் சம்பாதித்துக்கொண்டது. பாலத்தை ஒட்டியிருந்த மருந்துக்கடையில் அவளுக்கு வேலை. அவன் தொழிற்பயிற்சிப் பள்ளியில் மின்சார வேலை சொல்லித் தருகிறவன். மாதம் ஒருமுறை தன் அம்மாவுக்கு இரத்தக் கொதிப்பு மாத்திரையும், கூடவே மூன்று புட்டி பாதாம் எண்ணெயும் வாங்கிப் போவான். எண்ணெய் எதற்கு என்று ஒரு நாள் கேட்டாள். அம்மாவுக்கு முட்டி வலி, தேய்த்துக்கொள்கிறார்கள் என்றான்.

"மாசம் மூணு புட்டியா? உங்கம்மாவுக்கு எத்தனை முட்டி?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவன் சிரித்த சிரிப்பில் பின்னால் நின்றிருந்த கிழவர் எரிச்சலடைந்தார். அப்படித்தான் ஆரம்பித்தது. எட்டு மாதமாகப் பேச்சு, செய்தி, பாலத்தின் மேல் பத்து நிமிடம் சேர்ந்து நடப்பது. அவன் அவளைத் தலைத்துணியோடு மட்டுமே பார்த்திருக்கிறான். அந்தத் துணி அல்லாஹ்வுக்காகவா முடிக்காகவா என்று அவளுக்கே திட்டமாகத் தெரியாது. அவனைப் பிடித்திருந்தது. மிகவும் பிடித்திருந்தது. அவன் வீட்டில் ஒரு அறை, அதில் இவள் துணிகள் தொங்குகிற அலமாரி என்பது வரைக்கும் மனதில் சாமான் ஏற்றி இறக்கி முடித்துவிட்டாள்.

பத்து நாளைக்கு முன் அவன் அம்மா பஹ்ஜா பெண் பார்க்க வந்தாள். உயரமான, நிதானமான பெண்மணி. வீட்டுக்குள்ளும் தலைத்துணியைத் தளர்த்தாமல் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு நுஸ்ஹா மூன்று நாள் கர்தூனில் கிடந்த முடியை இடுப்பு வரை விரித்துவிட்டுக் காப்பித்தட்டோடு வந்தாள். பஹ்ஜா கட்டியணைத்து முத்தமிடுகிற சாக்கில் பிடரியிலிருந்து இடுப்பு வரை ஒரு கையை ஓட்டிப் பார்த்தாள். பட்டு மாதிரி இருக்கிறது என்றாள். ஸக்கியாவுக்குப் போன உயிர் வந்தது. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே பஹ்ஜா, அடுத்த வாரம் வியாழக்கிழமை பெண்கள் மட்டும் ஹம்மாமுக்குப் போவோமே என்று சாதாரணமாகச் சொன்னாள். வந்த உயிர் திரும்பப் போனது.

மருதாணி யோசனை ஸக்கியாவுடையது. ஊறுகிற மருதாணியை நடுவில் கழுவச் சொல்ல யாருக்கும் வாய் வராது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். ஆனால் வேறு வழி இருக்கவில்லை.

ஸுவைக்கா சந்தில் இருந்த ஹம்மாம் வாசலிலேயே பஹ்ஜா காத்திருந்தாள். நுஸ்ஹாவின் தலைத்துணிக்குக் கீழே பச்சைக் கோடாக மருதாணி நெற்றியில் வழிந்திருந்தது. பஹ்ஜா அதைப் பார்த்தாள். ஒரு கணம் அதிகமாகவே பார்த்தாள் என்று பிறகுதான் நுஸ்ஹாவுக்குத் தோன்றியது. அப்போது தோன்றவில்லை. உள்ளே போய் எல்லோரும் துணி மாற்றிய பிறகும் பஹ்ஜா தன் தலையில் சிவப்புத் துண்டை இறுக்கிக் கட்டியபடியே வந்தாள். சைனஸ் தொந்தரவு, தலைக்குத் தண்ணீர் விடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றாள். ஸக்கியா மிகவும் அக்கறையாக, ஆமாம் ஆமாம், இந்த வயதில் கவனமாகத்தான் இருக்க வேண்டும் என்றாள்.

நடு அறையில் முதுகு தேய்த்தார்கள். பஹ்ஜா நுஸ்ஹாவின் தோள், இடுப்பு, கணுக்கால் எல்லாவற்றையும் பார்த்தாள். குறை ஒன்றும் இல்லை. பிறகு சூடான உள்ளறைக்குப் போனதும் தாமிரக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு நுஸ்ஹாவின் பின்னால் வந்து உட்கார்ந்தாள்.

ஸக்கியா பதறிக்கொண்டு குறுக்கே வந்தாள். சாயங்காலம் வரைக்கும் ஊற வேண்டுமே, இப்போது கழுவினால் நிறம் பிடிக்காதே என்று அடுக்கினாள்.

"மருமகளோட மருதாணிய மாமியார் கழுவினா பரக்கத், வீட்டுக்கு நல்லது, லல்லா ஸக்கியா. எங்க வீட்டு வழக்கம்," என்றாள் பஹ்ஜா.

மருமகள் என்கிற சொல்லைக் கேட்டபின் தடுக்க யாருக்கு மனம் வரும்? ஸக்கியாவின் கை தானாகக் கீழே இறங்கியது. நுஸ்ஹா கண்ணை மூடிக்கொண்டாள். முதல் கிண்ணம் விழுந்தது. இரண்டாவது, மூன்றாவது. பச்சைத் தண்ணீர் அவள் மடி வழியாகக் கல் தரையில் ஓடியது. ஒன்பதாவதோ பத்தாவதோ கிண்ணத்தில் முடி பாரம் இழந்து, ஒவ்வொரு கொத்தாக மேலே ஏறுவதை அவளால் கழுத்தில் உணர முடிந்தது. இதோ, பின்னாலிருப்பவள் இப்போது எழுந்து போய்விடுவாள் என்று எண்ணினாள்.

பஹ்ஜா எழவில்லை. தலை தேய்க்கக் குழைத்த களிமண்ணை எடுத்து வேரில் விரல் நுனியால் தடவி அலசினாள். பையிலிருந்து ஒரு சிறு புட்டி எண்ணெய் வந்தது. அகலப் பல் வைத்த மாட்டுக்கொம்புச் சீப்பு ஒன்று வந்தது. முடியை நான்காக வகிர்ந்து மூன்றை முடிச்சுப் போட்டு வைத்தாள். நான்காவதை ஒரு கையால் நடுவில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கடைசி விரலகலத்தில், நுனியில், சீப்பை வைத்தாள். அங்கே சிக்கெடுத்தாள். பிறகு ஒரு விரல் மேலே. பிறகு இன்னும் ஒரு விரல் மேலே. சீப்பு சிக்கிய இடத்தில் இழுக்காமல் சீப்பைக் கீழே வைத்துவிட்டு விரலால் பிரித்தாள்.

வலிக்கவில்லை. நுஸ்ஹா முக்காலிக் காலைத் தேடுகிற மாதிரித் தரையின் கல்லைப் பிடித்துக்கொண்டு வலிக்காகக் காத்திருந்தாள், அது வரவேயில்லை. இருபத்தொன்பது வருடத்தில் அவள் தலையில் பட்ட கைகளில் வலிக்காத கை இதுதான். இப்படி ஒரு முறை இருப்பது தெரியாமலா இத்தனை நாள் இருந்தோம் என்று முதலில் ஆத்திரம்தான் வந்தது. பிறகு அதுவும் கரைந்தது. தலை தானாகப் பின்னால் சாய்ந்து பஹ்ஜாவின் முழங்காலில் போய் நின்றது. கண்ணில் தண்ணீர் வந்தது, வியர்வையோடு அதுவும் போயிற்று. எதிரே ஸக்கியா உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததையோ, தேய்ப்புக்காரிகள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்ததையோ அவள் கவனிக்கவில்லை.

"எவ்ளோ முடி," என்றாள் பஹ்ஜா, தனக்குத்தானே. "எவ்ளோ கெட்டி முடி."

முக்கால் மணி நேரம் ஆயிற்று. கடைசியில் இரண்டு சடை போட்டு, துண்டைச் சுற்றிவிட்டு, ஆரஞ்சு உரித்து ஒவ்வொரு சுளையாக அவள் வாயில் கொடுத்தாள். பிரியும்போது நெற்றியில் முத்தமிட்டாள். வீடு திரும்பும் வழியெல்லாம் நுஸ்ஹா, அம்மா, பார்த்தீர்களா, அவர்கள் ஒன்றும் சொல்லவில்லையே என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவள் ஆயுளில் அவ்வளவு பேசி ஸக்கியா கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பஹ்ஜா தொலைபேசியில் கூப்பிட்டாள். நலம் விசாரித்தாள். பெண் தங்கமான பெண் என்றாள். மக்தூப் இல்லை, எழுதியிருக்கவில்லை, அவளுக்கு இதைவிட நல்ல இடம் அமையட்டும் என்றாள். இவ்வளவும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. எழுதுகிறவன் மேல் பழியைப் போட்டுவிட்டால் யார் போய்க் கேட்பது?

ஸக்கியா போனை வைத்துவிட்டு நேரே மகளிடம் வந்தாள்.

"அவ கையில தலையக் குடுத்துட்டு, மடியில ஏறின பூனை கணக்கா கண்ண மூடிக்கிட்டு உக்காந்திருந்தியே. நல்லா இருந்துச்சா? சொகமா இருந்துச்சா? இப்ப அனுபவி."

நுஸ்ஹா ராபிஹைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் ஒரே ஒரு செய்தி வந்தது. 'நீங்க என்கிட்ட நேர்லயே சொல்லியிருக்கலாம்.' அதை அவள் மருந்துக்கடையின் பின்னறையில் நின்று நாலைந்து முறை படித்தாள். எதை நேரில் சொல்லியிருக்கலாம்? மறுத்தது அவன் வீடு. அவள் பதில் எழுதப் போய் அழித்தாள், மறுபடி எழுதி மறுபடி அழித்தாள். இந்தச் செய்திக்குப் பின்னால் என்னவோ இருக்கிறது, அது பஹ்ஜாவுக்குத்தான் தெரியும் என்று பட்டது. புதன்கிழமை மதியம் இரண்டு மணி நேரம் அனுமதி கேட்டுக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனாள்.

மூன்றாவது மாடி. கதவைத் தட்டியதும், வந்துட்டியா, திறந்துதான் இருக்கு என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. பஹ்ஜா தன் மகள்களில் ஒருத்தியை எதிர்பார்த்திருக்கிறாள். நுஸ்ஹா கதவைத் தள்ளினாள். பஹ்ஜா கூடத்து ஜன்னலோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள், தோளில் துண்டு, பக்கத்தில் மூன்று புட்டி பாதாம் எண்ணெய். தலையில் துணி இல்லை. அப்போதுதான் குளித்து, பாதி காய்ந்து, பாதி நரைத்து, காதுக்கு மேலே சுருண்டு சுருண்டு எழும்பி நின்ற முடி. நுஸ்ஹா தினமும் கண்ணாடியில் பார்த்துப் பயப்படுகிற அதே முடி, இருபத்தைந்து வயது கூடுதலாக.

பஹ்ஜாவின் கை துண்டுக்குப் போய்ப் பாதியில் நின்றது.

"உள்ள வந்து கதவச் சாத்து," என்றாள். "பாத்துட்ட. இனிமே மூடி என்ன ஆகப்போவுது."

நுஸ்ஹா நின்றுகொண்டே இருந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று மட்டும் சொன்னாள்.

"எனக்குத் தெரிஞ்சுது. நீ மருதாணித் தலையோட ஹம்மாம் வாசல்ல வந்து நின்னியே, அப்பவே. முப்பத்து நாலு வருஷத்துக்கு முன்னாடி எங்கம்மா எனக்கு இதேதான் பண்ணாங்க. நல்ல முடிக்காரி எவளாவது மருதாணிய அப்பிக்கிட்டு ஹம்மாமுக்கு வருவாளா? அங்க வந்து கழுவிக் காட்டிட்டுப் போவா. எங்க மாமியார் பாவம், வெவரம் பத்தாது. ஊறட்டும் ஊறட்டும்னு விட்டுட்டாங்க."

பாம்பின் கால் பாம்பறியும். ஊரில் வேறு எந்த மாமியாரிடம் போயிருந்தாலும் அந்தத் தந்திரம் பலித்திருக்கும். ஸக்கியா பார்த்துப் பார்த்து வைத்த மருதாணி, அதை அறிந்த ஒரே தலையிடம் போய்க் காட்டிக்கொடுத்திருக்கிறது.

"அப்பவே தெரிஞ்சா அப்பவே போயிருக்கலாமே மாமி. ஏன் அவ்ளோ நேரம் வாரிவிட்டீங்க?"

பஹ்ஜா சீப்பை எடுத்துத் தன் முடியின் ஒரு கொத்தை நுனியில் பிரித்தாள்.

"எப்படிப்பட்ட முடின்னு பாக்க வேணாமா? பாத்தேன். என்னோடத விடக் கெட்டி," என்றாள். அடுத்த கொத்தை எடுத்துக்கொண்டு, "தண்ணியில நனைச்சு அப்படியே சிக்கோட விட்டுட்டு வர மனசு கேக்கல. அது வேற, இது வேற," என்றாள்.

பிறகு அவளாகவே சொன்னாள். கணவர் அவள் தலையை ஈரமாக ஒரே ஒரு முறைதான் பார்த்தார், கல்யாணமான வருடம், மழையில். அன்றைக்குச் சிரிக்க ஆரம்பித்தவர், விருந்தாளி முன்னாலும் பிள்ளைகள் முன்னாலும் அதைச் சொல்லிச் சொல்லி இன்னும் சிரிக்கிறார். ராபிஹ் தன் அப்பா ஏதோ பழைய நகைச்சுவை சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு கூடவே சிரிக்கிறான். அவள் பெற்ற இரண்டு பெண்களுக்கும் இதே முடி. மூத்தவளுக்கு நெற்றிக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு முடியே கிடையாது.

"நான் இழுத்த இழுப்பு. உங்கம்மா மாதிரிதான் நானும், வேர்லேர்ந்து. இந்தச் சீப்பு, இந்த நிதானம், எல்லாம் அவளுக்கு வழுக்கை விழுந்ததுக்கப்புறம் வந்தது. என்ன புண்ணியம்? ராபிஹுக்கு மட்டும் அவங்கப்பா முடி. அதனாலதான் சொல்றேன். நீ நல்ல பொண்ணு, உன்மேல எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா இந்த முடி என்னோட முடியணும்."

ராபிஹிடம் என்ன சொன்னீர்கள் என்று நுஸ்ஹா கேட்டாள்.

"உனக்கு இஷ்டமில்லைன்னு சொன்னேன்."

"நான் உண்மையச் சொல்லிடுவேன்."

"சொல்லேன். அப்ப எதுக்கு எங்கம்மா வேணாம்னாங்கன்னு கேப்பான். தலைத்துணிய அவுத்துக் காட்டுவியா?"

மிரட்டலாகச் சொல்லவில்லை. காப்பிக்குச் சர்க்கரை போடவா என்று கேட்கிற குரலில்தான் கேட்டாள். கேட்டுவிட்டுப் பதிலுக்கும் காத்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே கீழே எவனோ தர்பூசணி கூவி விற்றுக்கொண்டு போனான்.

கிளம்பும்போது பஹ்ஜா அந்தக் கொம்புச் சீப்பைத் துடைத்து, ஒரு பழைய செய்தித்தாளில் சுற்றி, அவள் கைப்பைக்குள் வைத்தாள். தன்னிடம் இன்னொன்று இருக்கிறது என்றாள். மகனைக் கேட்டு வந்தவளுக்குச் சீப்பைக் கொடுத்து அனுப்புவதில் ஏதும் தவறு இருப்பதாக அந்த அம்மாளுக்குத் தோன்றியதாகத் தெரியவில்லை. எண்ணெயை ஈரத்திலேயே தடவு, காய்ந்த பிறகு தடவினால் வீண் என்று படிக்கட்டு வரைக்கும் வந்து சொன்னாள்.

ஜூலை மாதம் ராபிஹ் வேறு கடையில் வாங்கியிருக்க வேண்டும். ஆகஸ்டில் வந்தான். அந்த மாதம் மாத்திரை ஊரில் வேறெங்கும் கிடைக்கவில்லை போலிருக்கிறது. முறை வரும்வரை சுவரிலிருந்த தடுப்பூசி அட்டவணையைப் படித்துக்கொண்டு நின்றான். மெலிந்திருந்தான். மருந்துச் சீட்டை மேசையில் வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் அவள் கையைப் பார்த்தான்.

அவள் மாத்திரையை எடுத்து வந்தாள். கேட்காமலே மூன்று புட்டி பாதாம் எண்ணெயையும் வைத்தாள்.

"முட்டி எப்படி இருக்கு அம்மாவுக்கு?"

"அப்படியேதான்," என்றான். பின்னால் இரண்டு பேர் நின்றார்கள். அவன் புட்டிகளைப் பைக்குள் போட்டான். பிறகு, குரல் இறங்கி, "எட்டு மாசம் பேசியிருக்கோம். ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?" என்றான்.

இப்போதுதான் அவன் அவளைப் பார்த்தான். நுஸ்ஹாவின் கை தன் காதோரத்துக்குப் போயிற்று. அங்கே தலைத்துணியின் ஊசி இருந்தது, அதற்குள் இரண்டு நாள் கர்தூனில் காய்ந்த முடி இருந்தது. நான் மறுக்கவில்லை என்று இரண்டு சொல் போதும். அடுத்து அவன் ஏன் என்பான். ஏன் என்பதற்குப் பதிலாக அவன் அம்மாவின் தலை வரும், தன் தலை வரும். அவன் அப்பாவின் சிரிப்பும் ஞாபகத்துக்கு வந்தது. ராபிஹும் கூடவே சிரிப்பான் என்று பஹ்ஜா சொன்னது அதைவிட ஞாபகத்துக்கு வந்தது. அவள் ஊசியைச் சரியாகக் குத்தினாள்.

"மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடி," என்றாள். "காலையில ஒண்ணு."

பல மாதங்களாக அதே மாத்திரை, அதே அளவு, அவனுக்குத் தெரியாததில்லை. அவன் தலையை ஆட்டிக்கொண்டு போனான். அடுத்து நின்ற பெண்மணி குழந்தையின் இருமலுக்கு ஏதாவது கேட்டாள்.

செப்டம்பரில் இனேஸுக்குப் பள்ளிக்கூடம். அங்கே பள்ளி வாரம் தொடங்குகிற ஞாயிற்றுக்கிழமை முதல் நாள் என்றால் வெள்ளிக்கிழமையே தலையைப் பார்த்தாக வேண்டும். ஸக்கியாவின் மணிக்கட்டு வீங்கியிருந்தது, இத்தனை வருட இழுப்பு அவளையும் சும்மா விடவில்லை. தொழுகையும் மதியச் சாப்பாடும் முடிந்தபின் வேலையை மகளிடம் கொடுத்துவிட்டுப் படுக்கப் போனாள். இனேஸ் தானாகவே முக்காலியில் வந்து உட்கார்ந்து, கண்ணை இறுக மூடி, இரண்டு கைகளாலும் முக்காலியின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

நுஸ்ஹா எஃகுச் சீப்பை எடுக்கவில்லை. உள்ளே போய்ச் செய்தித்தாளைப் பிரித்துக் கொம்புச் சீப்பைக் கொண்டுவந்தாள். அன்றைக்குப் பைக்குள் போனது, அதற்குப் பிறகு வெளியே எடுக்கவேயில்லை. குழந்தையின் முடியை நன்றாக நனைத்தாள். ஈரத்திலேயே எண்ணெய் தடவினாள். நான்காக வகிர்ந்தாள். நடுவில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கடைசி விரலகலத்தில் சீப்பை வைத்தாள். பிறகு ஒரு விரல் மேலே. கைகள் எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருந்தன.

சற்று நேரம் கழித்து இனேஸ் ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

"எப்ப ஆரம்பிப்பீங்க அத்தை?"

"பாதி முடிஞ்சிடுச்சு."

குழந்தை அதை நம்பவில்லை. கையைக் கொண்டுவந்து தொட்டுப் பார்த்தாள். பிறகு முக்காலிக் காலை விட்டாள். தோள் இறங்கியது, தலை பின்னால் சாய்ந்து நுஸ்ஹாவின் முழங்காலில் வந்து படிந்தது. இனிமேல் தினமும் நீங்களே தலை வாரிவிடுங்கள், பாட்டி வேண்டாம் என்றாள். தூக்கக் கலக்கத்தில் ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். நான்கு பகுதியும் முடிந்தபோது முடி கழுத்தைச் சுற்றித் திராட்சைக் கொத்துகளாகச் சொட்டிக்கொண்டு நின்றது. அழகாக இருந்தது. அதை மறுக்க முடியாது, நுஸ்ஹா சீப்பைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இப்படியே ஸ்கூலுக்குப் போகட்டா அத்தை?"

முதல் நாள் வகுப்பில் இவளுக்குப் பின் வரிசையில் யார் உட்காருவார்கள் என்று நுஸ்ஹாவுக்குத் தெரியாது. ஆனால் அவர்கள் என்ன சொல்வார்கள் என்று தெரியும். இருபது வருடம் கழித்து எந்த வீட்டிலிருந்து யார் காப்பி குடிக்க வருவார்கள் என்றும், பிடரியிலிருந்து இடுப்பு வரை ஒரு கை எப்படி ஓடும் என்றும் தெரியும்.

"கர்தூன எடுத்துட்டு வா," என்றாள்.

இனேஸ் சிணுங்கக்கூட இல்லை. வலிக்காமல் வாரிய அத்தைக்காக ஓடிப்போய்க் கொடியிலிருந்து நாடாவை எடுத்துவந்து கொடுத்தாள். நுஸ்ஹா முடியை ஒன்றாக அள்ளிக் கட்டி, பிடரியிலிருந்து சுற்ற ஆரம்பித்தாள். மெதுவாகத்தான் சுற்றினாள், ஒரு இழைகூடப் பிடுங்காமல். ஒவ்வொரு சுற்றுக்கும் நாடாவுக்கு அடியில் சுண்டுவிரலை நுழைத்துப் பார்த்து, நுழைந்தால் அவிழ்த்து மறுபடி இறுக்கினாள். நுனியில் முடிச்சுப் போட்டுவிட்டு, முடிஞ்சுது, எழுந்திரு என்றாள்.

இனேஸ் எழுந்து அடுப்பின் மேலிருந்த பளபளப்பான கெட்டிலுக்கு முன்னால் போய் எக்கி நின்றாள். இரண்டு புருவமும் நெற்றியில் ஏறி நிற்க, எதையோ பார்த்து ஆச்சரியப்பட்டவள் போல, அதில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.